தோட்டத்திலிருந்து கோலாலம்பூருக்குக் குடிபெயரும் முன்

1970-இல் மலேசியர்களில் 28.4 விழுக்காட்டினரே நகரங்களில் வாழ்ந்தனர். 2020 கணக்கெடுப்பில் அது 75.1 விழுக்காடாக உயர்ந்திருந்தது. அந்தப் பெயர்ச்சியில் ரப்பர், செம்பனைத் தோட்டங்களை விட்டு வந்த நம் தமிழர்களில் பலர் வேலையோடு, தோட்ட நிர்வாகம் கொடுத்த லயத்து (வரிசை) வீட்டையும் இழந்து, புறம்போக்குக் குடிசைகளில் ஒதுங்கினர். இனி வரும் குடும்பங்களுக்கு அந்த நிலை வரக் கூடாது.

தோட்டம் கைமாறப் போகிறது என்ற பேச்சு அடிபட்டதும் பதவி விலகல் கடிதம் கொடுத்துவிடாதீர்கள். ஆட்குறைப்பு செய்யப்படும் தொழிலாளி ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்திருந்தால், ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம் என்ற கணக்கில் இழப்பீடு தர வேண்டும் என்று 1980-ஆம் ஆண்டின் பணிநீக்க, ஆட்குறைப்பு இழப்பீட்டு விதிமுறைகள் கூறுகின்றன. தாமாக விலகியவர் அதைக் கோர முடியாது. சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

வீடு பார்க்கும்போது வாடகையை மட்டும் பார்ப்பதே பெரும் தவறு. வேலைநாள் காலை ஆறரை மணிக்கு அந்த அடுக்குமாடிக்குச் சென்று, மின்தூக்கி முன் எத்தனை பேர் காத்து நிற்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு எல்ஆர்டி அல்லது எம்ஆர்டி நகர ரயில் நிலையம்வரை நடந்தே செல்லுங்கள். வரைபடத்தில் அருகில் தெரியும் நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே நெடுஞ்சாலை ஓடி, கடக்கப் பாலம் இல்லாவிட்டால், அந்த வீடு உண்மையில் தொலைவில்தான் இருக்கிறது. மலேசியக் குடிமக்கள் மாதம் 50 ரிங்கிட் அட்டையில் எல்ஆர்டி, எம்ஆர்டி, ரேபிட் கேஎல் பேருந்துகளில் விருப்பம்போல் பயணம் செய்யலாம். வாடகை குறைவென்று ரயில் எட்டாத இடத்துக்குப் போனால், ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளும் அதன் தவணையும் தலையில் விழும். நகரமும் சாலை சாலையாக வெளியே பரந்துகொண்டே போகும்.

கோலாலம்பூர் மாநகர் மன்றம் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வாடகைக்குத் தரும் பிபிஆர் அடுக்குமாடி வீடுகளின் மாத வாடகை 124 ரிங்கிட்டாக இருந்து வந்துள்ளது. கேட்டவுடன் கிடைக்காது, தகுதி இருந்தால் உடனே விண்ணப்பியுங்கள். அதுவரை தனியார் வீட்டில் இருப்பதானால், முன்பணத்துக்கு ரசீதும், முத்திரை வரி செலுத்திய ஒப்பந்தமும் கேட்டு வாங்குங்கள்.

குடியேறிய 30 நாளுக்குள் மைகார்டு எனும் அடையாள அட்டையில் முகவரியை மாற்றிவிட வேண்டும். பலர் பழைய தோட்ட முகவரியையே ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். வாக்கும் அந்தத் தொகுதியிலேயே தங்கிவிடுகிறது. நடைபாதைக்கும் பாலத்துக்கும் நீங்கள் மனுக் கொடுக்க வேண்டியதோ இங்குள்ள நாடாளுமன்ற உறுப்பினரிடம்.