நடுத்தர விலை ஸ்கோப்: தேர்ந்தெடுப்பது, பூட்டுவது, குறி பார்ப்பது

நல்ல கண்ணாடி, உறுதியான உள்வேலை, பெரிய உருப்பெருக்கம், விளக்கெரியும் குறுக்கிழை. நடுத்தர விலையில் இந்த நான்கும் ஒரே ஸ்கோப்பில், அதாவது ரைஃபிள்மேல் பூட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கியில், இருப்பதாக யாராவது சொன்னால், முதல் இரண்டில் கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வேட்டை ரைஃபிளுக்கு வேண்டியது அந்த முதல் இரண்டும்தான். மற்றவற்றைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

எண்களைப் படிப்பது

3-9×40 என்றால் 3 முதல் 9 மடங்கு பெருக்கம், முன் லென்ஸின் விட்டம் 40 மி.மீ. இந்த 40-ஐ மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 9 மடங்கில் அது 4.4 மி.மீ., 6 மடங்கில் 6.7 மி.மீ. இருட்டில் இளவயதுக் கண்ணின் பாவை 7 மி.மீ. வரை விரியும், வயதாக ஆக அது 5-க்கே திணறும். அந்தி நேரத்தில் படம் மங்கினால் பெரிய லென்ஸ் தேடி ஓடாதீர்கள், மடங்கைக் குறைத்துப் பாருங்கள். 4-16×40 வாங்கி 16-இல் வைத்தால் கற்றை வெறும் 2.5 மி.மீ. பகலில் குறையில்லை. வேட்டை நடக்கும் நேரத்தில்தான் இருட்டடிக்கும்.

பார்வைப் பரப்பும் சுருங்கும். 100 மீட்டர் தூரத்தில் 3 மடங்குக்குச் சுமார் 11 மீட்டர் அகலம் தெரியும், 9 மடங்குக்கு 4 மீட்டர் சொச்சம். புதரிலிருந்து பாயும் பன்றியை அந்த 4 மீட்டருக்குள் பிடிப்பது பெரும்பாடு. 200 மீட்டருக்குள் சுடுபவருக்கு 3-9×40 தாராளம், அடர்ந்த காட்டுக்கு 1-6×24 அதைவிட நல்லது. 50 மி.மீ. லென்ஸ் வேண்டாம். எடை கூடும், ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங் உயரும், கன்னம் ரைஃபிளின் மரக்கட்டையை விட்டு எழும்பும்.

30 மி.மீ. குழாய் அதிக வெளிச்சம் தரும் என்பது கடைக்கதை. அது தருவது குறியைத் திருத்தும் திருகுக்கு மேலும் கீழும் நகரக் கூடுதல் இடம், அவ்வளவே. வெளிச்சத்தைத் தீர்மானிப்பது லென்ஸ் பூச்சு. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 சதவீத ஒளியைத் திருப்பியடித்துவிடும். பத்துப் பரப்புகளைக் கடந்தால் மூன்றில் ஒரு பங்கு காலி. ஜெர்மனியின் ஸைஸ் லென்ஸ் நிறுவனத்தில் விஞ்ஞானி ஸ்மகுலா 1935-இல் கண்ட எதிரொளித் தடுப்புப் பூச்சு இதற்குத்தான் வந்தது. ‘கோட்டட்’, ‘மல்டி கோட்டட்’, ‘ஃபுல்லி மல்டி கோட்டட்’ மூன்றும் வேறு வேறு. கடைசியாகச் சொன்னதை மட்டும் வாங்குங்கள்.

குறுக்கிழை பின்தளத்தில், அதாவது பெருக்கும் லென்ஸுக்குக் கண் பக்கத்தில், இருக்கட்டும். முன்தளத்தில் இருந்தால் மடங்கோடு சேர்ந்து இழையும் தடிக்கும், மெலியும். 3 மடங்கில், நிழலில், இழை சிலந்தி நூலாகிக் காணாமல் போகும். பின்தளத்தில் ஒரு குறை உண்டு: இழையிலுள்ள தூரக் கோடுகள் குறிப்பிட்ட ஒரு மடங்கில், பெரும்பாலும் உச்ச மடங்கில், மட்டுமே சரியாக இருக்கும். எம்.ஓ.ஏ. (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு), மில் (ரேடியனில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இரண்டும் கோண அளவுகள்; திருகு எம்.ஓ.ஏ. அளவிலும் இழை மில் அளவிலும் இருக்கும் கலப்படத்தைத் தொடவே வேண்டாம். மீட்டரில் நினைப்பவருக்கு மில் எளிது: 0.1 மில் என்பது 100 மீட்டரில் சரியாக 1 செ.மீ.

கண் தூரம், அதாவது முழுப் படமும் தெரியக் கண்ணுக்கும் பின் லென்ஸுக்கும் இடையே வேண்டிய தூரம், 9 செ.மீ.க்குக் குறையக் கூடாது. கனமான தோட்டாவுக்கு 8 செ.மீ. ஸ்கோப் பூட்டினால் பின்னுதைப்பில் புருவம் கிழியும்.

பூட்டுவது

தோட்டா அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகே ஆரம்பியுங்கள்.

ரைஃபிள்மேலுள்ள ரெயிலுக்கேற்ற ரிங் வேண்டும். பிக்காட்டினி, வீவர் இரண்டும் ரெயில் வகைகள்: பிக்காட்டினி பள்ளம் 5.2 மி.மீ. அகலம், வீவர் 4.6. வீவர் ரிங் பெரும்பாலும் பிக்காட்டினியில் உட்காரும், பிக்காட்டினி ரிங் வீவரில் உட்காராது. ஏர் ரைஃபிளில் வழக்கமாக 11 மி.மீ. டவ்டெயில் (ஆப்பு வடிவ ரெயில்).

புதியவர்கள் வழுக்குவது அடுத்த படியில். ஸ்கோப்பைத் தளர்வாக வைத்து, உச்ச மடங்குக்குத் திருப்புங்கள். கண் நிற்கும் இடத்துக்கு இளக்கம் மிகக் குறைவு அந்த மடங்கில்தான். வேட்டைக்குப் போடும் அதே தடித்த சட்டையோடு, கண்ணை மூடி ரைஃபிளைத் தோளில் ஏற்றி, கன்னம் பதிந்தபின் கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பை முன்னாலிருந்து பின்னுக்கு இழுத்துக்கொண்டே வந்தால் ஓரக் கறுப்பு மறைந்து முழு வட்டம் தெரியும். அங்கேயே நிறுத்துங்கள். 3 மடங்கில், மேசைமேல் நிமிர்ந்து உட்கார்ந்து இதைச் செய்தால் எல்லா இடமும் சரியாகவே தோன்றும். படுத்துச் சுடும்போது தலை முன்னே வரும், அப்போதுதான் தவறு புரியும். படுத்தும் ஒருமுறை பாருங்கள்.

பிறகு 25 மீட்டரில் ஒரு தூக்குநூலைத் தொங்கவிட்டு, ரைஃபிளை மட்டம் பிடித்து, செங்குத்து இழையை அதோடு ஒட்டிப் பாருங்கள். ரிங் திருகுகளைக் குறுக்கும் மறுக்குமாக, இருபக்க இடைவெளி சமமாக, 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர் வரை முடுக்குங்கள். இதற்கு முடுக்கும் விசையை அளவிட்டுக் காட்டும் டார்க் ஸ்க்ரூடிரைவர் தேவை. கையாலே போதும் என்பவர்கள் குழாயை நசுக்குகிறார்கள். நசுங்கிய குழாயில் திருகு கிளிக் கொடுக்கும், உள்ளே இழை நகராது. இரண்டு தோட்டா போனபின் அதிர்ச்சியில் திடீரென்று தாவும். ஸ்கோப் மோசம் என்று திருப்பி அனுப்புவதற்கு முன் ரிங்கைத் தளர்த்திப் பாருங்கள்.

கண்ணருகே உள்ள வளையம் இழையின் தெளிவுக்கு மட்டும், இலக்குக்கு அல்ல. சூரியன் இல்லாத பக்கம் வெறும் வானத்தைப் பார்த்து, ஒரு நொடி மட்டும் நோக்கி, விலகி, திருத்தி, மறுபடி நோக்குங்கள். வெறித்துப் பார்த்தால் கண் தானே சரிசெய்துகொண்டு ஏமாற்றிவிடும்.

குறி பார்ப்பது

போல்ட்டைக் கழற்றி, குழல் வழியே 25 மீட்டரில் இலக்கைப் பார்த்து, ரைஃபிளை அசைக்காமல் இழையை அங்கே கொண்டு வாருங்கள். மூன்று குண்டு சுட்டுத் திருத்தி, 100 மீட்டருக்குப் போங்கள். திருகின் ஒரு கிளிக் கால் எம்.ஓ.ஏ. என்றால், அது 100 மீட்டரில் 7.3 மி.மீ. குண்டு 6 செ.மீ. கீழே விழுந்தால் 8 கிளிக் மேலே. அதே 6 செ.மீ. 25 மீட்டரில் என்றால் 33 கிளிக். இந்தப் பெருக்கலை மறந்துதான் தோட்டாப் பெட்டி காலியாகிறது. ஒற்றைக் குண்டைத் துரத்தாதீர்கள், மூன்றின் நடுவைத் திருத்துங்கள். குழல் ஆறட்டும்.

பிறகு 20 கிளிக் மேல், 20 வலம், 20 கீழ், 20 இடம் என ஒவ்வொரு மூலையிலும் சுடுங்கள். சுடும்போதெல்லாம் இலக்கில் ஒரே புள்ளியையே குறிபார்க்க வேண்டும். சதுரம் மூடவில்லையா, அதாவது கடைசிக் குண்டு தொடங்கிய இடத்துக்கே திரும்பவில்லையா? ரிங் சரியாக இருந்தால் உள்வேலைதான் பழுது, உத்தரவாதக் காலத்துக்குள் மாற்றிவிடுங்கள்.

பின்சேர்க்கை: ஏர் ரைஃபிள்காரர்களுக்கு

வேட்டை ஸ்கோப்பின் பாரலாக்ஸ் (தலை அசைந்தாலும் இழை இலக்கைவிட்டு நகராத தூரம்) பெரும்பாலும் 100 கெஜத்துக்கு, அதாவது 91 மீட்டருக்கு, நிலைநிறுத்தப்பட்டது. 20 மீட்டரில் தலையை அசைத்தால் இழையும் இலக்கைவிட்டு நகரும், குறியும் மாறும். 10 கெஜத்திலிருந்து திருத்தக்கூடியதை எடுங்கள். ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் பின்னுக்கும் முன்னுக்கும் இரண்டு முறை உதைக்கும். பெரிய ரைஃபிளின் உதையைத் தாங்கும் ஸ்கோப்கூட அந்த முன்னுதையில் உடைந்துபோகும். பெட்டியில் ஏர்கன் என்று போட்டிருக்க வேண்டும்.

தோட்டா எடையை மாற்றினால் குறியும் மாறும். புதுப் பெட்டி வேறு எடை என்றால் 100 மீட்டர் மூன்று குண்டை மறுபடி சுடுங்கள்.