ஒரு மில்லிமீட்டரில் புதுச்சேரி கடலூராகிவிடும்: நண்பகல் வெயிலில் அட்சரேகை அளப்பது

மார்ச் 21 வாக்கில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கும். அன்று 30 செ.மீ. உயரக் குச்சியின் உச்சிவேளை நிழல் புதுச்சேரியில் (11.93 டிகிரி) 6.34 செ.மீ., கடலூரில் (11.75 டிகிரி) 6.24 செ.மீ. இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்தான்.

வெறும் குச்சி இதற்கு உதவாது. சூரியன் புள்ளியல்ல, அரை டிகிரி அகலமுள்ள வட்டு. அதனால் 30 செ.மீ. குச்சியின் நிழல்முனை 3 மி.மீ. அளவுக்கு மங்கிக் கிடக்கும். குச்சியை நீட்டினால் மங்கலும் சேர்ந்தே நீளும்.

நிழலை விட்டுவிட்டு வெளிச்சத்தை அளப்பது மேல். தலைகீழ் ‘ட’ வடிவத்தில் ஒரு மரச்சட்டம். அதன் கையின் நுனியில் சிறு தகரத் துண்டு, அதில் 2 மி.மீ. துளை. அடியில் 2 அடிக்கு 1½ அடி பிளைவுட், மேலே வெள்ளைத்தாள். துளை தாளிலிருந்து சரியாக 30 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். துளை வழியே நூலில் தூக்குக்குண்டு இறக்கி, அது தொடும் இடத்தில் அடிப்புள்ளி வையுங்கள். தூண் தெற்குப் பக்கம் நிற்க வேண்டும். வடக்கே நின்றால் ஒளி விழும் இடத்தில் அதுவே குறுக்கே வரும். துளை வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது.

பலர் கோட்டை விடுவது மட்டத்தில். மொட்டை மாடித் தளத்தை மழைநீர் வடிய வாட்டமாகத்தான் போட்டிருப்பார்கள். ஒரு டிகிரி சாய்வு விடையை 111 கி.மீ. வரை தள்ளிவிடும். ரசமட்டத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வைத்துப் பார்த்து, பலகைக்கடியில் அட்டைத் துண்டு செருகுங்கள். கடல்காற்று கிளம்பினால் சட்டம் ஆடும். காலில் செங்கல் வையுங்கள்.

கடிகாரத்தின் 12 மணி நமக்கு உச்சிவேளையல்ல. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கானது, புதுச்சேரி 79.83. அதில் ஏறக்குறைய 11 நிமிடம் போகிறது. பூமியின் நீள்வட்டப் பாதையாலும் அச்சுச் சாய்வாலும் மார்ச் 21-ல் இன்னும் 7 நிமிடம். ஆக 12:18. நவம்பர் தொடக்கத்தில் 11:54-க்கே உச்சி வந்துவிடும்!

11:45 முதல் 12:50 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒளிவட்டத்தின் நடுவில் பென்சில் புள்ளி வையுங்கள். மார்ச் 21-ல் புள்ளிகள் கிழக்கு மேற்காக நேர்கோட்டில் அமையும். அடிப்புள்ளியிலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்துத் தூரமே நமக்கு வேண்டியது. சரியாக 12:18-க்கு மேகம் மறைத்தாலும் கவலையில்லை. (1769 ஜூனில் வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காணப் புதுச்சேரியில் காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்திக்கு அந்த வசதி இல்லை, மேகம் எல்லாவற்றையும் மூடிவிட்டது.)

தூரத்தை 30-ஆல் வகுத்து, கால்குலேட்டரில் tan-இன் நேர்மாறைப் போட்டால் கோணம் வரும். மார்ச் 21-ல் அதுவே அட்சரேகை. மற்ற நாட்களில் சூரியன் அன்று எந்த அட்சரேகைக்கு நேர் மேலே நிற்கிறது என்பதும் வேண்டும் (தெற்கு அட்சரேகையானால் கழித்தல் குறியோடு). ஒளி வடக்கே விழுந்தால் அந்த எண்ணோடு கோணத்தைக் கூட்டுங்கள். தெற்கே விழுந்தால் அதிலிருந்து கழியுங்கள். திசையைக் குறிக்க மறக்காதீர்கள்: ஜூன் 21-ல் புதுச்சேரியில் தூரம் 6.1 செ.மீ., மார்ச்சில் வந்ததற்கு ஏறக்குறைய சமம், ஆனால் தெற்கே. ஜூனில் தூணை வடக்குப் பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள்.

கருவியைச் சோதிக்க, புதுச்சேரியில் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும் ஏப்ரல் 21, ஆகஸ்ட் 21 ஒட்டிய நிழலில்லா நாட்கள் தோது. உச்சிவேளையில் ஒளி அடிப்புள்ளி மேலேயே விழ வேண்டும். ஒரு நாள் முன்பின் ஆனால் 2 மி.மீ. விலகும்; அதற்கு மேல் விலகினால் ரசமட்டத்தை மறுபடி எடுங்கள்.