180 புள்ளிகள் 63 ஆன கணக்கு

நாகர்கோவிலில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் ‘சாம்பியன்ஸ்’ ஆடுகிறோம். 1981-இல் வந்த சூப்பர்ஹீரோ ஆட்டம்; ஆளுக்கொரு நாயகனாக நடித்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்துவோம். நாயகனின் சக்திகளைப் புள்ளி கொடுத்து வாங்க வேண்டும். அக்காள் மகனின் நாயகன் முட்டத்து மீனவன். அலையால் அடிப்பது, சுழலில் சிக்கவைப்பது, மூடுபனியால் கண்ணை மறைப்பது: ஒவ்வொன்றும் 60 புள்ளி. அலையடி என்றால் 12 பகடை, பகடைக்கு 5 வீதம் அந்த 60. மொத்தம் 180. மற்ற திறன்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. பையன் முகம் வாடிவிட்டது.

மூன்றையும் ‘மல்டிபவர்’ என்ற பொதுத் தொகுப்பில் போட்டேன். தொகுப்புக்கு 60, ஒவ்வொரு சக்திக்கும் அதில் பத்தில் ஒரு பங்கான 6. ஆக 78. ஒரு நேரத்தில் ஒரு சக்தியைத்தான் முழு வீச்சில் பயன்படுத்தலாம். அது நியாயமான விலை.

“மாமா, கடல்நீர் அருகில் இருந்தால்தான் சக்தி வரும் என்று வைத்தால் இன்னும் குறையுமே, அரை கொடுங்கள்” என்றான். சக்திக்கு இப்படி வைக்கும் கட்டுப்பாடுதான் குறைபாடு; அவன் கேட்ட அரை அதன் மதிப்பு. அந்த மதிப்பை ஒன்றோடு கூட்டி, விலையை அதால் வகுக்க வேண்டும். ஆனால் கதை பெரும்பாலும் குளச்சல், முட்டம் பக்கமே நடக்கிறது. வாட்டாத குறைபாட்டுக்குத் தள்ளுபடி கிடையாது. இதில் நான் கறார். பேச்சிப்பாறை, திற்பரப்பு என்று மலைப்பக்கமும் கதை போவதால் கால் மட்டும் கொடுத்தேன். 60-ஐ 1.25-ஆல் வகுத்தால் 48. 6 என்பது 4.8, அதாவது 5. மொத்தம் 63. மிஞ்சிய புள்ளிகளில் உடனே நீச்சலை வாங்கிக்கொண்டான்.