ஆச்சிக்கு இருந்தது மறதிநோயா? குடும்ப வரலாற்றை எழுதும் முறை

மறதிநோய் என்று சந்தேகித்து மருத்துவரிடம் போனால், குடும்பத்தில் வேறு யாருக்காவது இது இருந்ததா என்று கேட்பார். நாம் யோசிக்காமல் "இல்லை" என்போம். பிறகு, போகிற போக்கில், "ஆச்சிதான் கடைசிக் காலத்தில் சின்னப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார்" என்போம். மருத்துவருக்கு வேண்டிய விடை அந்த இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது.

ஆகவே, பெரியவர்களிடம் விசாரிக்கும்போது நோயின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். "புத்தி தடுமாறிவிட்டது" என்றோ, யாழ்ப்பாணத்தார் சொல்வதுபோல் "அறளை பெயர்ந்துவிட்டது" என்றோ அவர்கள் சொல்வதை அப்படியே குறித்துக்கொண்டு, அவர் என்னதான் செய்தார் என்று கேளுங்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும் சோறு போடவில்லை என்றாரா, பழகிய தெருவில் வழி தவறினாரா, பெற்ற மகனை அண்ணன் என்று அழைத்தாரா? 1901-இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனையில், 51 வயதான அகுஸ்டே டேட்டர் என்ற நோயாளியைப் பற்றி மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் எழுதிய குறிப்புகளும் இந்த வகைதான்: பன்றி இறைச்சியும் காலிஃபிளவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, பசலைக்கீரை என்றார். மறதிநோய்களில் மிகப் பரவலான அந்த வகைக்கு அல்சைமரின் பெயரை, மனநல மருத்துவர் எமில் கிரேப்பெலின் தம் பாடநூலில் சூட்டியது 1910-இல்தான்.

அடுத்து, தொடங்கிய வயதை எழுதுங்கள். இறந்த வயது அவ்வளவு உதவாது. ஆண்டுக்கணக்கு நினைவில்லாதவர்களிடம், மூத்த பேரன் கல்யாணத்துக்கு முன்பா பின்பா என்று கேட்டால் பிடிபட்டுவிடும். அல்சைமர் நோய் நடுவயதினருக்கே உரிய அரிய நோய் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. எழுபது, எண்பது வயதில் வந்தால் மூப்பு என்றோ ரத்தக்குழாய் தடித்துவிட்டது என்றோ விட்டுவிட்டார்கள். இரண்டும் ஒன்றே என்று 1976-இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராபர்ட் கட்ஸ்மன் வாதிட்ட பிறகே அந்தப் பிரிவினை கலையத் தொடங்கியது. எனவே, பழைய இறப்புப் பதிவில் "முதுமை" என்று மட்டும் இருந்தால் அதோடு விசாரணையை நிறுத்த வேண்டாம்.

மெல்ல மெல்ல முற்றியதா, பக்கவாதத்துக்குப் பின் படிப்படியாக இறங்கியதா என்பதையும் சேருங்கள். ஓரிரு நாளில் திடீரென்று வந்த குழப்பம் கிருமித்தொற்றாலும் இருந்திருக்கலாம் என்பதால், அதைத் தனியே எழுதுங்கள்.

சிலர் பேச வெட்கப்படுவார்கள். பெயரிலேயே இழிவு ஒட்டியிருக்கிறது என்றுதான் ஜப்பான் அரசு 2004-இல் மறதிநோயின் பழைய பெயரைக் கைவிட்டு, அறிவாற்றல் குறைபாடு என்ற பொருளில் புதிய பெயர் வைத்தது. "பேய் பிடித்திருந்தது" என்று யாராவது சொன்னால் மறுத்துப் பேசாமல், எதைப் பார்த்ததாகச் சொன்னார் என்று கேளுங்கள். செத்துப்போன தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருப்பதை ஆச்சி அடிக்கடி பார்த்திருந்தால், இல்லாதது கண்ணுக்குத் தெரியும் வகையான "லூயி உடல் மறதிநோய்" (Lewy body dementia) என்பதையும் மருத்துவர் எண்ணிப் பார்ப்பார்.