நாலு தோல்விக்கே கடையைச் சாத்தாதீர்கள்: ஏப்ரலில் பேஸ்பால் ரசிகர்கள் செய்யும் தவறுகள்

2025 மார்ச் 29, சனிக்கிழமை மதியம். மில்வாக்கியில் எங்கள் வீட்டு அடுப்பில் குக்கர். டிவியில் எங்கள் ப்ரூவர்ஸ் அணி, நியூயார்க் போய் யாங்கீஸுடன் ஆடிக்கொண்டிருக்கிறது. எங்கள் பிட்ச்சர், அதாவது பந்து எறிபவர், நெஸ்டர் கோர்டெஸ் முந்தைய ஆண்டு வரை யாங்கீஸில் இருந்தவர். அவர் போட்ட முதல் பந்து ஹோம் ரன், அதாவது வேலியைத் தாண்டிய அடி. இரண்டாவது பந்தும் ஹோம் ரன். மூன்றாவதும். கோல்ட்ஷ்மிட், பெலிஞ்சர், ஜட்ஜ் என்று வரிசையாக மூன்று பேர். விசிலை எண்ணுவதா, இதை எண்ணுவதா என்று தெரியவில்லை. ஆட்டம் 20-9 என்று முடிந்தது.

அதற்கு முந்தைய ஆட்டத்தில் 4-2 தோல்வி. சனிக்கிழமைக்கு மறுநாள் 12-3 தோல்வி. சரி, சொந்த ஊருக்கு வந்தால் தேறிவிடுவார்கள் என்று பார்த்தால், திங்கட்கிழமை கான்சஸ் சிட்டி ராயல்ஸ் 11-1 என்று அடித்துவிட்டுப் போனார்கள். நாலு ஆட்டத்தில் நாலு தோல்வி, கொடுத்த ரன் 47. "என்னங்க, உங்க டீம் கதை முடிஞ்சுதா?" என்று நண்பர் போன் செய்தார். முடிந்த மாதிரிதான் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

செப்டம்பர் இறுதியில் அந்த அணியின் கணக்கு 97 வெற்றி, 65 தோல்வி. பேஸ்பாலின் உச்ச லீக்கான மேஜர் லீக்கின் 30 அணிகளில் அதுதான் அதிகம். ஆகவே இங்கே எழுதும் தவறுகளில் பாதியாவது நானே செய்தவை.

கிரிக்கெட் கண்ணால் பார்ப்பது

நம்மவர்களுக்கு இதுதான் முதல் வழுக்கல். ஐபிஎல்லில் ஓர் அணிக்கு 14 லீக் ஆட்டம். நாலு தோற்றால் கால்குலேட்டரை எடுக்க வேண்டியதுதான். பேஸ்பாலில் 162 ஆட்டம். 20 ஆட்டம் முடிந்த நிலையை ஐபிஎல் கணக்குக்கு மாற்றினால், இரண்டாவது ஆட்டம்கூட முழுசாக முடிந்திருக்காது. அந்த நிலையில் யாராவது சென்னை அணியின் கதை முடிந்தது என்று எழுதினால் சிரிப்போம். இங்கே மட்டும் ஏப்ரல் 20-ம் தேதியே ஒப்பாரி வைக்கிறோம்.

இன்னொன்று, பேஸ்பாலில் மிக நல்ல அணியும் அறுபது எழுபது ஆட்டம் தோற்கும். வாரத்துக்கு இரண்டு மூன்று தோல்வி வழக்கமான வரவு செலவு. ஒவ்வொன்றுக்கும் மனசை விட்டால் செப்டம்பர் வரை தாங்காது.

ஐம்பது முறை ஆடியவரின் சராசரியை நம்புவது

ஏப்ரல் நடுவில் ஒரு பேட்டர் சுமார் 50 முறை ஆடியிருப்பார். பத்து ஹிட் (அவுட் ஆகாமல் பேஸைப் பிடிக்கவைக்கும் அடி) என்றால் சராசரி, அதாவது ஐம்பதில் பத்து, .200, வெளியே அனுப்பு என்று கத்துவோம். பதினைந்து ஹிட் என்றால் .300, நட்சத்திரம். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஐந்தே ஹிட். ஹோம் ரன் தவிர, களத்துக்குள் அடிக்கும் பந்துகளில் ஏறக்குறைய பத்துக்கு மூன்றுதான் ஹிட் ஆகும். பிளந்து அடித்த பந்து நேராக ஒருவர் கையுறைக்குள் போகும். மொக்கையாகப் பட்ட பந்து இரண்டு பேருக்கு நடுவில் பொத்தென்று விழும். இரண்டு வாரத்தில் ஐந்து ஹிட் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்வதற்குத் திறமை காரணமாக இருக்க வேண்டியதில்லை.

எரிக் தேம்ஸை இங்குள்ளவர்கள் மறக்க மாட்டார்கள். கொரிய லீக்கில் கொடிகட்டிப் பறந்துவிட்டு 2017-ல் எங்கள் அணிக்கு வந்தவர். அந்த ஏப்ரலில் மட்டும் 11 ஹோம் ரன். ஏப்ரல் மாதத்துக்கு அது எங்கள் அணியின் சாதனை. அறுபது அடிப்பாரா, எழுபதா என்று பேசிக்கொண்டிருந்தோம். மிச்சம் ஐந்து மாதத்திலும் சேர்த்து இருபதுதான் வந்தது. மொத்தம் 31, சராசரி .247. நல்ல கணக்குதான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஏப்ரலில் நாங்கள் பார்த்த தேம்ஸ் அவர் இல்லை.

இதைவிட வேடிக்கை டஃபி ரோட்ஸ். 1994 சீசனின் தொடக்க நாளில், சிகாகோ கப்ஸுக்காக, டுவைட் குடன் என்ற பெரிய பிட்ச்சரை மூன்று முறை ஹோம் ரன் அடித்தார். அந்த ஆண்டு முழுவதும் அவர் அடித்தது எட்டு. அப்புறம் ஜப்பானுக்குப் போய் 464 ஹோம் ரன் அடித்தார் என்பது தனிக் கதை.

சராசரியை விட்டுவிட்டு வேறு எதைப் பார்க்கலாம்? ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்), வாக் (நாலு தவறான பந்துக்கு இலவசமாக முதல் பேஸ்), இரண்டின் விகிதமும் சீக்கிரமே ஒரு நிலைக்கு வரும். ஏனென்றால் அவற்றில் களத்தில் நிற்பவர்களின் அதிர்ஷ்டம் கலப்பதில்லை. பிட்ச்சர் என்றால் பந்தின் வேகம். ஆனால் அதிலும் ஒரு பள்ளம் உண்டு. குளிரில் பலருக்கும் வேகம் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். இந்த ஏப்ரலைப் போன ஏப்ரலோடு ஒப்பிடுங்கள். போன ஆகஸ்டோடு ஒப்பிட்டுவிட்டுத் தோள்பட்டை போச்சு என்று அலறாதீர்கள். ஹோம் ரன்னுக்கும் இது பொருந்தும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. ஜூலையில் வேலியைத் தாண்டும் பந்து ஏப்ரலில் வேலியோரம் பிடிபடும். எங்கள் மைதானத்துக்கு மூடும் கூரை இருப்பதால் பிழைத்தோம்.

ரன் வித்தியாசத்தைச் சீக்கிரமே பிடித்துக்கொள்வது

கொஞ்சம் படித்த ரசிகர்கள் செய்யும் தவறு இது. வெற்றி தோல்வியைப் பார்க்காதே, அடித்த ரன்னுக்கும் கொடுத்த ரன்னுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார் என்பார்கள். நூறு ஆட்டம் போன பிறகு அது அருமையான அறிவுரை. நாலு ஆட்டத்தில் எங்கள் கணக்கு மைனஸ் 32. அதில் 11 அந்த ஒரே சனிக்கிழமை மதியத்துக்கு உரியது. பத்து ரன் பின்தங்கியபின் எந்த மேனேஜரும் (களத்தில் அணியை நடத்தும் பயிற்சியாளர்) நல்ல பிட்ச்சர்களைச் செலவழிக்க மாட்டார். சில நேரம் பேட்டரையே பந்து போட அனுப்புவார். அப்போது கொடுத்த ரன்னையெல்லாம் அணியின் தரம் என்று கூட்டினால் தப்புக் கணக்குதான் வரும்.

ஒரே காரணத்தைத் தேடுவது

அந்த 20-9 ஆட்டத்துக்குப் பிறகு நாடே 'டார்பிடோ' மட்டையைப் பற்றிப் பேசியது. நுனியில் இருக்கும் பருமனைக் கொஞ்சம் கைப்பக்கமாக நகர்த்தி, பேட்டர் வழக்கமாகப் பந்தைச் சந்திக்கும் இடத்துக்குக் கொண்டுவந்த மட்டை. விதிப்படி சரியானதுதான். யாங்கீஸில் சிலர் அதைப் பிடித்திருந்தார்கள். ஆனால் அன்று மூன்று ஹோம் ரன் அடித்த ஆரன் ஜட்ஜின் கையில் இருந்தது பழைய மாதிரி மட்டை. எங்கள் தோல்விக்கு மட்டையைக் குறை சொல்வது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. உண்மையில் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் எங்கள் பிட்ச்சர்களில் பலர் காயத்தில் இருந்தார்கள்; பந்து போட ஆள் இல்லை.

மேனேஜரைத் தூக்கு என்பதும் இதே ரகம். 1988-ல் பால்டிமோர் ஓரியோல்ஸ் முதல் ஆறு ஆட்டம் தோற்றதும் மேனேஜர் கேல் ரிப்கன் சீனியரை நீக்கினார்கள். அவருடைய இரண்டு மகன்கள் அதே அணியில் ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள். புது மேனேஜர் வந்தார். தோல்வி நிற்கவில்லை, இன்னும் பதினைந்து தொடர்ந்தது. 21 ஆட்டம் கழித்துத்தான் முதல் வெற்றி.

ஏப்ரல் அணிதான் ஆகஸ்டிலும் ஆடும் என்று நினைப்பது

2025-ல் நான் சறுக்கியது இங்கேதான். மே மூன்றாம் வாரத்திலும் எங்களுக்கு வெற்றியைவிடத் தோல்விதான் அதிகம். ஆனால் ஏப்ரல் 7 அன்றே க்வின் ப்ரீஸ்டர் என்ற இளம் பிட்ச்சரைப் பாஸ்டனிலிருந்து வாங்கியிருந்தார்கள். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவர் 13 ஆட்டம் ஜெயித்து, மூன்றுதான் தோற்றார். ஜூனில் ஜேக்கப் மிசியோராவ்ஸ்கி வந்தார். மணிக்கு நூறு மைலுக்கு மேல் சர்வசாதாரணமாக எறிகிற பையன். அறுவை சிகிச்சையிலிருந்து தேறி எங்கள் பிட்ச்சர் வுட்ரஃப் ஜூலையில் திரும்பினார். சிகாகோ ஒயிட் சாக்ஸில் .189 அடித்துக்கொண்டிருந்ததால் கீழ் லீக்குக்கு அனுப்பப்பட்ட ஆண்ட்ரூ வான் இங்கே வந்து, முதல் முறை மட்டை பிடித்ததிலேயே ஹோம் ரன் அடித்தார். ஆகஸ்டில் தொடர்ந்து 14 வெற்றி, அணியின் வரலாற்றிலேயே அதிகம். மார்ச்சில் நான் திட்டிய அணி இதுவல்ல.

நல்ல தொடக்கத்துக்குப் பந்தல் போடுவது

அந்த 14 முறியடித்த பழைய சாதனை 1987-ல் வந்தது. சீசன் தொடங்கியதுமே தொடர்ந்து 13 வெற்றி. எங்கள் அணி 12 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தால் இலவச பர்கர் என்று ஜார்ஜ் வெப் என்கிற உள்ளூர் உணவகம் வாக்குக் கொடுத்திருந்தது. வரிசையில் நின்று ஊரே வாங்கித் தின்றது, மொத்தம் 1,68,194 பர்கர். அடுத்த மாதமே தொடர்ந்து 12 தோல்வி. 91 வெற்றியோடு பிரிவில் மூன்றாம் இடம், அக்டோபர் பிளேஆஃபில் இடம் இல்லை. அதே ஆண்டு 85 வெற்றி மட்டும் பெற்ற மினசோட்டா உலகக் கோப்பையை, அதாவது வேர்ல்ட் சீரிஸை, வென்றது. பிரிவில் முதலிடம் பிடித்தால்தான் பிளேஆஃப், அன்றைய விதிமுறை அப்படி. பர்கர் வாங்கிய பெரியவர்கள் இன்றும் அதைச் சொல்லிப் புலம்புவார்கள்.

ஏப்ரல்தானே, விடு என்பது

இவ்வளவும் படித்துவிட்டு இந்தப் பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். ஏப்ரல் வெற்றிக்கும் செப்டம்பர் வெற்றிக்கும் பட்டியலில் ஒரே எடை. 2011-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் முதல் 12 ஆட்டத்தில் பத்து தோற்றது. கடைசியில் 90 வெற்றி. டாம்பா பே 91 எடுத்து பிளேஆஃபுக்குள் போனது. எல்லோரும் பாஸ்டனின் செப்டம்பர் சரிவைத்தான் பேசினார்கள். ஏப்ரலில் கூடுதலாக ஒன்றே ஒன்று ஜெயித்திருந்தால் டாம்பாவோடு சமநிலைக்கு வந்திருப்பார்கள்.

சில தொடக்கம் உள்ளதைத்தான் சொல்லும். 2024-ல் ஒயிட் சாக்ஸ் முதல் 25 ஆட்டத்தில் மூன்று ஜெயித்து, கடைசியில் 121 தோல்வியோடு முடித்தது. அந்த அணி மோசமாக இருக்கும் என்று சீசனுக்கு முன்பே பேச்சு இருந்தது. ஏப்ரல் அதை உறுதி செய்தது. நான் இப்போது பார்ப்பது அதைத்தான். மார்ச்சில் இந்த அணியைப் பற்றி என்ன நினைத்தேன், அதை மாற்றும்படி ஏதாவது நடந்ததா? முக்கியமான ஆளின் முழங்கை போனால், ஆம். நாலு தோல்வி என்றால், இல்லை.

2025 அக்டோபரில் எங்களுக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸுடன் அரையிறுதி மாதிரியான தொடர். ஆட்டத்துக்கு ஒரு ரன்தான் அடித்தோம், கொடுத்தது மொத்தமே 15. மார்ச்சின் நாலு ஆட்டத்தில் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நாலும் தோல்வி. இந்த முறை நண்பர் போன் செய்து கதை முடிந்ததா என்று கேட்டபோது, ஆமாம் என்றேன்.