கோன் நிற்கிற இடம்

வீட்டில் பி.ஏ. ஸ்பீக்கர் பெட்டி (கூட்டத்துக்குக் கேட்கும்படி மேடையில் வைக்கிற பெரிய ஒலிபெருக்கி) செய்கிற நாம் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறோம். கடைசி ஸ்க்ரூவை முடுக்கியதும் பிடித்த பாட்டைப் போட்டுவிடுகிறோம். ஆறு வாரம் மரத்தூளில் குளித்தவனுக்கு அப்போது எது கேட்டாலும் இனிக்கும். என் முதல் ஜோடி எட்டு மாதம் என்னை இப்படித்தான் ஏமாற்றியது. ஒரு நாள் அளந்து பார்த்தால், 45 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்ததாக நான் நம்பியிருந்த பெட்டி 49ல் இருந்தது. (பெட்டிக் காற்றும் அதன் குழாயும் சேர்ந்து இயல்பாக அதிர்கிற வேகம்தான் டியூனிங். ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு எத்தனை அதிர்வு.)

காரணம் சின்னக் கணக்கு. உள்ளளவுகளைப் பெருக்கி 80 லிட்டர் வருகிறது என்று பலகையை வெட்டிவிட்டேன். ஸ்பீக்கரின் உலோகக் கூடையும் மேக்னெட்டும், மேல் சுருதிக்கான ஹார்ன், காற்று போய்வருகிற இரண்டு போர்ட் குழாய்கள், குறுக்குச் சட்டங்கள் எல்லாமாகச் சேர்ந்து 14 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும் என்று யோசிக்கவில்லை. காற்றுக்கு மிஞ்சியது 66. கடைசியில் குழாய்களை 22 செ.மீ.யிலிருந்து 28க்கு நீட்டி ஒட்டுப் போட்டேன். சரியாயிற்று, ஆனால் பார்க்க அசிங்கம்.

இப்போது செய்கிற 15 அங்குல டூ-வே பெட்டிக்கு (ஸ்பீக்கரும் ஹார்னும் ஒலியைப் பங்குபோட்டுக்கொள்வது) உள்ளளவு 42 செ.மீ. அகலம், 70 உயரம், 32 ஆழம். மொத்தம் 94 லிட்டர். 14 கழித்தால் 80. கீழ் மூலைகளில் 10 செ.மீ. உள்விட்டமுள்ள குழாய் இரண்டு, ஒவ்வொன்றும் 22 செ.மீ. நீளம். இது 45 ஹெர்ட்ஸில் வந்து நிற்கும். ஒரே குழாயில் முடித்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். சத்தம் ஏறினால் அந்தக் குழாய் 'புஸ் புஸ்' என்று மூச்சுவிடும்.

உங்கள் ஸ்பீக்கருக்கு இந்த அளவு பொருந்துமா என்பதை அதன் டேட்டா ஷீட்தான் சொல்லும். எஃப்எஸ் (ஸ்பீக்கர் தனியாக இயல்பாக அதிர்கிற வேகம்), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு அடங்கியிருக்கிறது), விஏஎஸ் (அதன் தொங்கலின் இறுக்கத்துக்கு ஈடான காற்று, லிட்டரில்) என்று மூன்று எண்கள் இருக்கும். 1961ல் நெவில் தீல் ஆஸ்திரேலியாவில் எழுதியதும், 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்ததும்தான் இந்த எண்களின் பூர்வீகம். அவற்றை வின்ஐஎஸ்டி போன்ற இலவச மென்பொருளில் போட்டால் லிட்டரும் குழாய் நீளமும் வந்துவிடும். க்யூடிஎஸ் 0.3க்கும் 0.4க்கும் நடுவில் இருந்தால் போர்ட் வைத்த பெட்டிக்கு நல்ல ஆள். இந்த எண்களே தராத ஸ்பீக்கரை, எத்தனை ஆயிரம் வாட் என்று அட்டையில் போட்டிருந்தாலும் நான் தொடுவதில்லை.

மரம் 18 மி.மீ. பிர்ச் பிளைவுட். 15ம் போதும், குறுக்குச் சட்டம் கூடுதலாக வேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் வெட்டச் சுகம்தான். ஆனால் கனம், ஈரம் பட்டால் உப்பும், மூலையில் ஒரு இடி வாங்கினால் பொரிந்துவிடும். தூக்கிக்கொண்டு அலைகிற பெட்டிக்கு ஆகாது. மூலைமட்டம் வைத்துப் பார்த்து, பசையைத் தாராளமாகத் தடவி, ஸ்க்ரூவால் இறுக்குங்கள். பிடிமானம் பசையுடையது, ஸ்க்ரூ அது காயும்வரை பிடித்துக்கொள்கிற கை மட்டும். உள் மூலைகள் எல்லாவற்றிலும் பசையை விரலால் இழுத்துவிடுங்கள். எதிரெதிர்ப் பலகைகளை ஒரு சட்டத்தால் இணையுங்கள், நட்டநடுவில் இல்லாமல் கொஞ்சம் தள்ளி. பெயின்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, இரண்டு கோட் அடியுங்கள்.

பலகையின் பின்பக்கம் பதித்து ஸ்பீக்கர் போல்ட்டைப் பிடிக்கவைக்கிற டி-நட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மூடின பெட்டிக்குள் டி-நட் ஒன்று கழன்று விழுந்து, உருளுகிற சத்தம் மட்டும் கேட்கும்போது வருகிற கோபம் இருக்கிறதே! ஸ்பீக்கர் மேக்னெட் அதைக் கவ்விக்கொண்டால் இன்னும் மோசம். முன்பலகையை ஒட்டுவதற்கு முன்பே எட்டு டி-நட்டையும் போல்ட் போட்டு இழுத்து, சுற்றிலும் எபாக்ஸி வைத்துவிடுங்கள்.

இனி சோதனை. முதலில் பேட்டரி. 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை 15 அங்குல ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் ஒரு நொடி தொட்டால் கோன் (முன்னால் தெரிகிற கூம்பு) வெளியே வர வேண்டும். பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்களில் சில நேர்மாறாக உள்ளே போகும். அவற்றின் வழக்கம் அது. இரண்டு பெட்டியும் ஒரே பக்கம் நகர்கின்றனவா என்பதுதான் கேள்வி. ஒன்று மாறியிருந்தால் நடுவில் நிற்பவருக்கு பேஸே கேட்காது. ஹார்னை ஒலிக்கவைக்கிற டிரைவரிடம் இந்த பேட்டரி விளையாட்டு வேண்டாம்.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த வேலை. சாக்பீஸால் கோனின் நடுக் குமிழில் ஒரு புள்ளி வையுங்கள். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப்பை (கேட்ட ஹெர்ட்ஸில் ஒலி தருவது) திறந்து, ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வழியாக 70 ஹெர்ட்ஸ் கொடுங்கள், 5 வோல்ட் அளவு போதும். புள்ளி கோடாக நீண்டு கலங்கித் தெரியும். 60, 55, 50 என்று மெல்ல இறங்குங்கள். ஓரிடத்தில் கோடு சுருங்கிச் சுருங்கி மறுபடி புள்ளியாகிவிடும். கோன் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது, குழாய் வாயிலோ கையில் காற்று அடிக்கிறது. அந்த எண்தான் உங்கள் பெட்டியின் உண்மையான டியூனிங். அதற்குக் கீழே 30க்குப் போனால் கோன் பிடி விட்டதுபோல் ஆடும். உள்ளே காற்று அதைத் தாங்கவில்லை. இதைக் கண்ணால் பார்த்தவர்கள் 40 ஹெர்ட்ஸ் பக்கத்தில், அதற்குக் கீழே உள்ள ஒலியை வெட்டிவிடுகிற ஒரு செங்குத்தான ஹைபாஸ் ஃபில்டர் இல்லாமல் பெட்டியை மேடையேற்ற மாட்டார்கள்.

எண்ணாக வேண்டும் என்றால் மல்டிமீட்டர். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் 1000 ஓம் ரெசிஸ்டரை வரிசையில் போட்டு, ஆம்பை 10 வோல்ட்டில் வையுங்கள். ஓடுவது சுமார் 10 மில்லிஆம்ப். ஸ்பீக்கர் முனைகளில் 63 மில்லிவோல்ட் காட்டினால் அங்கே 6.3 ஓம். ஏசி மில்லிவோல்ட் அளக்கிற மீட்டராக இருக்க வேண்டும். 20லிருந்து 150 ஹெர்ட்ஸ் வரை ஓமை வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனால் ஒட்டக முதுகுபோல் இரண்டு திமில் வரும். நடுப் பள்ளம் டியூனிங். சாக்பீஸ் சொன்னதும் பள்ளம் சொன்னதும் ஒன்றாக இல்லையென்றால் எங்கேயோ காற்று கசிகிறது என்று சந்தேகப்படுவேன். ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, டோன் ஓடும்போது ஈரக் கையைப் பலகை இணைப்புகளில் ஓட்டிப் பாருங்கள், சில்லென்று தெரியும்.

அப்புறம் கரகரப்பு வேட்டை. 8 வோல்ட் கொடுத்து 30லிருந்து 300 ஹெர்ட்ஸ் வரை நிதானமாக ஏற்றுங்கள். 118ல் ஒரு ஜிர்ர்ர் என்னை ஒரு மத்தியானம் முழுக்க அலைக்கழித்தது. கைப்பிடியைக் கழற்றினேன், ஒயரை டேப் போட்டேன், சட்டத்தைத் தட்டினேன். கடைசியில் அது எதிர்ச்சுவர் அலமாரியின் கண்ணாடி! இப்போதெல்லாம் முதலில் அறையில் உள்ள சாமான்களைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைக் குற்றம் சொல்கிறேன்.

ஹார்னுக்குத் தனி ஆம்ப் என்றால் வரிசையில் 30 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று போடுங்கள். 8 ஓமில் அது சுமார் 660 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைத்துவிடும். ஆம்ப் போடும்போது வருகிற 'டப்' ஹார்ன் டிரைவருக்குள் அதிர்கிற மெல்லிய டயஃப்ரத்தை எட்டாது. பேஸுக்கும் ஹார்னுக்கும் ஒலியைப் பிரித்துக்கொடுக்கிற கிராஸ்ஓவர் 1.8 கிலோஹெர்ட்ஸ் பக்கம், சரிவு ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவைக்கும்) 24 டிபி (டெசிபல்). பேஸும் ஹார்னும் சேர்ந்து பாடுகின்றனவா என்று அறிய, ஹார்னின் இரண்டு ஒயரையும் வேண்டுமென்றே மாற்றிப் போட்டு அளவிடுங்கள். மைக்கும் ஆர்இடபிள்யூ என்கிற ஒலி அளக்கும் மென்பொருளும் போதும். கிராஸ்ஓவர் இடத்தில் ஆழமான குழி விழுந்தால் நல்லது: பழையபடி மாற்றினால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். குழி விழாவிட்டால் டிலேயை (இரண்டில் ஒன்றின் ஒலியைத் தாமதப்படுத்துவது) கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். மைக்கை வெட்டவெளியில் தரையிலேயே கிடத்தி அளந்தால் தரையிலிருந்து திரும்பி வரும் ஒலியின் தொல்லை இருக்காது. 6 டிபி கூடக் காட்டும், கழித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக இரண்டு மணி நேரம் பிங்க் நாய்ஸ் (எல்லாச் சுருதியும் கலந்த, அருவிபோன்ற இரைச்சல்). பக்கத்தில் இருக்கப் போகிறீர்கள் என்றால் காதடைப்பான் கட்டாயம். 300 வாட் ஸ்பீக்கருக்கு 8 ஓமில் 49 வோல்ட்டைத் தாண்டாதபடி வரம்பு போடுகிற லிமிட்டரை வைத்து, முதல் நாள் அதில் பாதி வோல்ட்டில் ஓட்டுகிறேன். காயிலின் (ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) வார்னிஷ் கருகுகிற வாசனை வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

ஆறின பிறகு ஒயரைக் கழற்றி, காயிலின் டிசி ஓமை அளந்து, டியூனிங் எண்ணோடு தேதியும் சேர்த்து பின்பலகையில் மார்க்கரால் எழுதிவிடுவேன். என் இடது பெட்டியில் 5.8, 45 என்று இருக்கிறது. வலதில் 5.7, 45.