ஒன்றரை மீட்டர் பலகையில் ஒரு ஷண்டிங் யார்டு: மாதிரி ரயிலும் ரயில் அருங்காட்சியகத் தொண்டும்

மாதிரி ரயில் கட்டத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் ஒரு பெரிய வட்டப் பாதையைத்தான் முதலில் கனவு காண்கிறார்கள். மலை, குகை, இரண்டு நிலையங்கள், நடுவே ஓர் ஆற்றுப் பாலம் என்று தாளில் வரைந்துவிட்டு, தண்டவாளம் பதிக்கும் கட்டத்திலேயே களைத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். முடிக்கப்படாத பெரிய பலகையைவிட, முடிக்கப்பட்ட சின்னப் பலகை ஆயிரம் மடங்கு கற்றுத்தரும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இந்த விளக்கத்தில் ஒரே ஒரு சரக்கு யார்டை மட்டும் கட்டப்போகிறோம்; என்ஜின் சரக்கு வேகன்களைத் தள்ளியும் இழுத்தும் வரிசைப்படுத்தும் இடம் அது, அந்த வேலைக்குத்தான் ஷண்டிங் என்று பெயர். அதன் அலங்கார வேலைகளைத் தொடங்கும் முன் ஒரு ரயில் அருங்காட்சியகத்தில் தன்னார்வலராகச் சேரவும் போகிறோம். இந்த வரிசை ஏன் முக்கியம் என்பது போகப்போக விளங்கும்.

அளவைத் தீர்மானித்தல்

மாதிரி ரயிலில் அளவுவிகிதம் வேறு, தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் வேறு. உலகில் பரவலாகப் புழங்குவது எச்ஓ அளவு. இதில் உண்மையான வண்டியின் 87-ல் ஒரு பங்கு அளவில் எல்லாம் செய்யப்படும்; 1435 மில்லிமீட்டர் அகலமுள்ள பாதை 16.5 மில்லிமீட்டராகச் சுருங்கும். இடம் மிகக் குறைவாக இருந்தால் 'என்' (N) என்னும் அளவு இருக்கிறது: விகிதம் 1:160, பாதை அகலம் 9 மில்லிமீட்டர். கண்ணும் கையும் இன்னும் பழகாத முதல் முயற்சிக்கு எச்ஓ அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். 'என்' அளவில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே வண்டி தடம்புரளும்.

திட்டம்: மூன்று கிளைகள், எட்டு வேகன்கள்

ஆங்கிலேய மாதிரிக் கலைஞர் ஆலன் ரைட் உருவாக்கிய 'இங்கில்நூக்' என்னும் யார்டு அமைப்பே தொடக்கக்காரர்களுக்கு மிகப் பொருத்தமானது. அதில் இரண்டு பாயிண்டுகளும் (வண்டியை ஒரு பாதையிலிருந்து வேறு பாதைக்குத் திருப்பும் அமைப்பு) மூன்று கிளைப் பாதைகளும் இருக்கும். ஒரு கிளையில் ஐந்து வேகன்கள் நிற்கலாம், மற்ற இரண்டில் மும்மூன்று நிற்கலாம். என்ஜின் முன்னும் பின்னும் நகர்வதற்கான தலைப் பாதையில் ஓர் என்ஜினும் மூன்று வேகன்களும் மட்டுமே அடங்கவேண்டும். யார்டில் மொத்தம் எட்டு வேகன்கள் இருக்கும். அவற்றில் ஏதேனும் ஐந்தைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்து, சீட்டு வந்த அதே வரிசையில் நீண்ட கிளையில் நிறுத்திக் காட்டுவதுதான் விளையாட்டு. வரிசையையும் கணக்கில் கொண்டால் எட்டிலிருந்து ஐந்தை எடுக்க 6720 வழிகள் உண்டு என்பதால், இரண்டே பாயிண்டுகள் கொண்ட இந்தப் பலகை எளிதில் அலுக்காது.

நீளத்தைக் கணக்கிட உங்களிடம் இருக்கும் வண்டிகளையே கப்ளிங் (வண்டிகளை இணைக்கும் கொக்கி) மாட்டிய நிலையில் அளந்துகொள்ளுங்கள். ஒரு வேகன் 12 சென்டிமீட்டர், என்ஜின் 15 சென்டிமீட்டர், பாயிண்டு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், தலைப் பாதைக்கு 51, முதல் பாயிண்டுக்கு 20, நீண்ட கிளைக்கு 60 என மொத்தம் 131 சென்டிமீட்டர் ஆகிறது. பாயிண்டு அருகே நிற்கும் வேகன் பக்கத்துப் பாதையில் வரும் வண்டியை உரசாதபடி சற்று இடம் விடவேண்டும்; முனைகளில் தடுப்புக் கட்டைகளும் வரும். ஆகவே 150 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பலகை போதும். தாளில் முழு அளவில் வரைந்து, அதன்மேல் வேகன்களை வைத்துப் பார்த்த பிறகே மரத்தை அறுக்கவேண்டும்.

பலகை

9 அல்லது 12 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பிளைவுட்டை மேற்பரப்பாக வைத்து, அடியில் மரச் சட்டம் அடியுங்கள். சட்டம் இல்லாத வெறும் பலகை சில மாதங்களில் வளைந்துவிடும். மேலே மெல்லிய கார்க் தகட்டை ஒட்டினால் சத்தம் குறையும். இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நேராகவும் உறுதியாகவும் இருந்தால் போதும்.

தண்டவாளம் பதித்தல்

நேரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டிய கட்டம் இதுதான். முதலில் இரண்டு பாயிண்டுகளையும் அவற்றின் இடத்தில் வைத்து, அங்கிருந்து கிளைகளை நீட்டிக்கொண்டு போங்கள். பாயிண்டு வளைந்து கொடுக்காது. மற்றப் பாதைதான் அதற்கு இணங்கி வரவேண்டும். தண்டவாளத்தை அறுத்ததும் முனையைச் சிறு அரத்தால் தேய்த்துப் பிசிறு நீக்குங்கள். இரண்டு துண்டுகளை இணைத்தவுடன் இணைப்பின் மேல் விரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் சக்கரமும் தட்டும். மேற்புறத்தில் மட்டுமன்றி, சக்கரத்தின் விளிம்பு உரசும் உட்பக்கத்திலும் இப்படித் தடவிப் பார்க்கவேண்டும்.

இணைப்புகளில் அரை மில்லிமீட்டர் அளவு இடைவெளி விடுங்கள். என் முதல் பலகையில் நான் இதைச் செய்யவில்லை. குளிர்ச்சியான மாதங்களில் துண்டுகளை இடைவெளியே இன்றி இறுக்கிப் பதித்தேன். வெயில் காலம் வந்ததும் நேராக இருந்த பாதை பக்கவாட்டில் பாம்புபோல நெளிந்தது. காரணம் புரியாமல் இரண்டு முறை பிரித்துப் பதித்தேன். பிறகு ஒரு ரயில் அருங்காட்சியகத்தில் தொண்டு செய்யச் சென்றபோது, பாதைப் பராமரிப்பில் பல ஆண்டுகள் உழைத்த ஒரு பெரியவர் என்னைக் குந்தி உட்காரச் சொல்லி, இரண்டு தண்டவாளங்கள் சேரும் இடத்தைக் காட்டினார். இரண்டு பக்கமும் ஃபிஷ்பிளேட் என்னும் இணைப்புத் தகடு வைத்து நான்கு போல்ட்டுகளால் முறுக்கியிருந்த அந்த இணைப்பின் நடுவே ஒரு சிறு இடைவெளி இருந்தது. போல்ட்டுத் துளைகள்கூட போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தன, தண்டவாளம் நகர்வதற்காக. 13 மீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டவாளம் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் ஏறக்குறைய நான்கரை மில்லிமீட்டர் நீளும். அந்த நீட்சிக்கு இடம் கொடுக்காவிட்டால் பெரிய பாதையும் நெளியத்தான் செய்யும். பலகை வேலையை முடிக்கும் முன்பே அருங்காட்சியகத்துக்குப் போகச் சொல்வதற்கு இந்த அனுபவமே காரணம்.

மின்சாரம்

தொடக்கத்துக்கு 12 வோல்ட் நேர்மின்சாரக் கன்ட்ரோலர் போதுமானது. ஒரு தண்டவாளத்தில் நேர்முனை, மற்றொன்றில் எதிர்முனை. முனைகளை மாற்றினால் என்ஜின் எதிர்த் திசையில் ஓடும். பாயிண்டின் நடுவே இரண்டு தண்டவாளங்கள் குறுக்கிடும் இடத்துக்கு ஃபிராக் என்று பெயர். அது பிளாஸ்டிக்காக இருந்தால் வயரிங் எளிது, ஆனால் யார்டில் ஓடும் குட்டி என்ஜின் அதன்மேல் மின்சாரம் கிடைக்காமல் நின்றுவிடும். மெதுவாக நகர்வதே யார்டின் அழகு என்பதால், உலோக ஃபிராக் உள்ள பாயிண்டையே வாங்குங்கள். அதிலிருந்து புறப்படும் உட்பக்கத் தண்டவாளங்கள் இரண்டிலும் பிளாஸ்டிக் இணைப்பான் போட்டு, மின்சாரத்தைத் தலைப் பாதைப் பக்கத்திலிருந்து கொடுக்கவேண்டும். இதை மறந்தால் ஷார்ட் ஆகும்.

வயரை இணைக்கத் தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் சாலிடர் வையுங்கள். சாலிடர் நன்றாகப் பிடிக்கத் தடவும் ஃபிளக்ஸில் ரோசின் ஃபிளக்ஸ் மட்டுமே பயன்படுத்துங்கள். அமில ஃபிளக்ஸ் நாளடைவில் உலோகத்தை அரித்துவிடும். இடத்தை அரத்தால் சுரண்டிப் பளபளப்பாக்கி, இரு பக்கமும் ஈரத் துணியை வைத்து, சூடான சாலிடரிங் அயர்னை இரண்டு மூன்று நொடிகளுக்கு மேல் வைக்காமல் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் வைத்தால், தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளான பிளாஸ்டிக் ஸ்லீப்பர்கள் உருகும். இணைப்பான்கள் காலப்போக்கில் தளரும் என்பதால், ஒவ்வொரு துண்டுக்கும் தனி வயர் கொடுப்பது பிற்காலத் தொல்லைகளைத் தவிர்க்கும்.

ஓட்டிப் பார்த்தல்

மின்சாரம் கொடுக்கும் முன் ஒரு வேகனை ஒற்றை விரலால் தள்ளி எல்லாக் கிளைகளிலும் கொண்டுபோங்கள். எங்கே அது தலையசைக்கிறதோ அங்கே பாதையில் குறை இருக்கிறது. பிறகு என்ஜினை ஓட்டுங்கள். புதியவர்கள் எல்லோரும் மிக வேகமாகவே ஓட்டுகிறார்கள். மணிக்கு 10 கிலோமீட்டர் என்ற ஷண்டிங் வேகத்தை எச்ஓ அளவுக்குச் சுருக்கினால் நொடிக்கு மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக வரும். அதாவது 30 சென்டிமீட்டரைக் கடக்க ஒன்பது நொடிகளுக்கு மேல் ஆகவேண்டும். கடிகாரத்தைப் பார்த்துப் பழகுங்கள். என்ஜின் தடுமாறினால், தண்டவாளத்தையும் சக்கரங்களையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அது விடும் கீறல்களில் அழுக்கு இன்னும் விரைவாகப் படியும்.

இப்போது அருங்காட்சியகத்துக்கு

பலகையில் வண்டி ஓடுகிறது, ஆனால் ஜல்லி இல்லை, வண்ணம் இல்லை. இந்த நிலையில் அதை மூடி வைத்துவிட்டு, எட்டும் தூரத்தில் உள்ள ரயில் அருங்காட்சியகத்துக்கோ பாரம்பரிய ரயில் பாதைக்கோ விண்ணப்பியுங்கள். இந்தத் தொண்டுக்கு ஒரு பெருமைமிக்க வரலாறு உண்டு. வேல்ஸ் நாட்டில் கற்பலகைச் சுரங்கத்துக்காக 1865-ல் திறக்கப்பட்ட டாலிலின் ரயில் பாதை மூடப்படும் நிலைக்கு வந்தபோது, 1951-ல் ஆர்வலர்கள் கூடி அதை ஏற்று நடத்தத் தொடங்கினார்கள். தன்னார்வலர்கள் ஒரு ரயில் பாதையைக் காப்பாற்றி நடத்தியது உலகில் அதுவே முதன்முறை.

விண்ணப்பத்தில் உங்களால் உண்மையாகவே வர முடிந்த நேரத்தை மட்டும் எழுதுங்கள். வாரந்தோறும் வருவதாகச் சொல்லிவிட்டு இரண்டு மாதத்தில் மறைந்துபோகிறவரைவிட, மாதம் ஒரு நாள் தவறாமல் வருபவரையே பொறுப்பாளர்கள் விரும்புவார்கள். சாலிடரிங், தச்சு வேலை, புகைப்படம், கணக்கெழுதுதல், குழந்தைகளிடம் பேசும் திறன் என எது தெரிந்தாலும் குறிப்பிடுங்கள். முதல் நாளிலேயே நீராவி என்ஜினில் ஏற்றிவிடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். நீராவிக் காலத்தில் ஓட்டுநர்களே துடைப்பவராகச் சேர்ந்து, பின் கரி அள்ளிப் போடுபவராகி, அதன் பிறகே ஓட்டுநர் ஆனார்கள். நீங்களும் கந்தைத் துணியில்தான் தொடங்குவீர்கள், அது நல்ல தொடக்கம்.

பாதுகாப்பு விதிகளைக் கேள்வி கேட்காமல் பின்பற்றுங்கள். தண்டவாளத்தின் மேல் காலை வைக்கக்கூடாது, தாண்டிச் செல்லவேண்டும். எண்ணெய்ப் பிசுக்கோ ஈரமோ இருந்தால் அது வழுக்கும். நிற்கும் இரண்டு வண்டிகளுக்கு நடுவே உள்ள குறுகிய இடைவெளியில் நுழையவே கூடாது. அசையாமல் கிடக்கிறது என்று நாம் நினைக்கும் வண்டியும் மறுமுனையில் ஓர் என்ஜின் வந்து தொட்டால் நகரும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம், பழைய பாய்லர் உறைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஆகவே பொறுப்பாளர் சொல்லாமல் எதையும் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது.

அருங்காட்சியகப் பொருளைத் தொடும் முறையும் வேறு. வெறும் கை வியர்வையில் உள்ள உப்பு, தேய்த்து மினுக்கிய உலோகத்தில் விரல்ரேகையாகவே துருவைப் பதியவைக்கும். அதனால் கையுறை அணிவார்கள். எதையும் கழற்றும் முன் படம் எடுத்து, கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் பெயர் எழுதிய பையில் போடவேண்டும். பித்தளைப் பெயர்ப்பலகையைப் பளபளவென்று ஆக்கவேண்டும் என்று கை பரபரக்கும், ஆனால் ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் உலோகத்தின் மெல்லிய படலம் போய்விடுகிறது. அப்படி எழுத்துகளின் விளிம்பே மழுங்கிப்போன ஒரு பலகையை நான் கையில் ஏந்திப் பார்த்திருக்கிறேன். அக்கறையோடு துடைத்த கைகள்தான் அதைத் தேய்த்திருந்தன என்பது மனத்தை மிகவும் வருத்தியது.

பல அருங்காட்சியகங்களில் பார்வையாளர்களுக்காக ஒரு மாதிரி ரயில் ஓடிக்கொண்டிருக்கும். மணிக்கணக்கில் ஓடுவதால் அதன் சக்கரங்களில் கரும்பிசுக்கு சேரும், மோட்டாரின் கார்பன் பிரஷ் தேயும், இணைப்புகள் தளரும். அதைப் பராமரிக்க ஆள் கிடைப்பது அரிது. உங்கள் சொந்தப் பலகையில் கற்றது அங்கே உடனே பயன்படும்.

மீண்டும் பலகைக்கு: ஜல்லியும் வண்ணமும்

ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் கொண்டுபோய், பார்த்ததை எழுதிக்கொள்ளுங்கள். தண்டவாளத்தின் மேற்பரப்பு மட்டும் பளபளக்கும், பக்கங்கள் பழுப்பேறி இருக்கும். வார்ப்பிரும்பு பிரேக் கட்டைகளிலிருந்து உதிரும் தூள் துருப்பிடித்து, வண்டிகள் அடிக்கடி பிரேக் போடும் இடங்களில் ஜல்லியைச் செம்பழுப்பாக்கும். என்ஜின் வழக்கமாக நிற்கும் இடத்தில் பாதையின் நடுவே எண்ணெய் சொட்டிக் கறுத்திருக்கும். சரக்கு யார்டுகளில் ஜல்லி ஸ்லீப்பரின் மேல்மட்டம் வரை மண்ணும் சாம்பலும் கலந்து அமிழ்ந்திருப்பதைப் பெரும்பாலும் காணலாம். விரைவு ரயில் ஓடும் பாதைபோலக் கூராகக் குவிந்திருக்காது.

மாதிரியிலும் அப்படியே செய்யுங்கள். முதலில் தண்டவாளப் பக்கங்களுக்குப் பழுப்பு வண்ணம் பூசி, மேற்பரப்பை உடனே துடைத்துவிடுங்கள். பொடி ஜல்லியைத் தூவி, மென்மையான தூரிகையால் ஸ்லீப்பர்களுக்கு இடையே பரப்புங்கள். மரவேலைக்கான வெள்ளைப் பசையைச் சம அளவு தண்ணீரில் கலந்து, அதில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் சேருங்கள். சோப்பு தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் பசை உருண்டு நிற்காமல் ஜல்லிக்குள் இறங்கும். முதலில் வெறும் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, பிறகு பசையைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். பாயிண்டின் நகரும் நாக்குகளுக்கு அருகே ஒரு பொடிகூடப் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பசை காயும் வரை அவ்வப்போது நாக்குகளை இருபுறமும் அசைத்துக்கொண்டே இருங்கள். ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகு தண்டவாளத்தின் மேற்பரப்பைத் துடைத்துவிட்டு ஓட்டலாம்.

கடைசியாக, எட்டு வேகன்களுக்கும் எண் எழுதிய எட்டுச் சீட்டுகளைச் செய்து ஒரு டப்பாவில் போடுங்கள். அருங்காட்சியகத்தில் பார்வையாளர் நாள் வரும்போது, பொறுப்பாளரின் அனுமதியோடு பலகையைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்து, வரும் குழந்தை ஒன்றை ஐந்து சீட்டுகள் எடுக்கச் சொல்லி, கன்ட்ரோலரை அதன் கையில் கொடுங்கள்.